அமைதித் தூதருக்குக் கைகொடுக்க மாட்டேன்

அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நான் தங்கியிருக்கும் இந்த வீட்டு அம்மாள் தூங்கியபின் எழுதுகிறேன். பார்த்தால் பள்ளியில் சொல்லிவிடுவாள்.

இது உலகக் குடிமக்கள் வாரமாம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மேடையில் ‘கனடாவுக்கு நல்வரவு’ அட்டை கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று!

“மிஸ், நாங்க எப்பவும் இங்கதானே இருக்கோம்?”

“எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதாம்மா” என்று மிஸஸ் ஹால்வர்சன் சிரித்தாள். கூட்டம் தொடங்கியபோது, இது ஆதியிலிருந்தே நம் பழங்குடி மக்களின் நிலம் என்று தாளைப் பார்த்து வாசித்தவளும் அவள்தான்.

அட்டையை நீட்டியவன் கைல். பள்ளியின் அமைதித் தூதராம், நீல ரிப்பன் வேறு. போன வாரம் காரிலிருந்து “காட்டுக்கே ஓடுடி” என்று என்மேல் முட்டை எறிந்தவன். அடிபடவில்லை அம்மா, கோட்டுதான் நாறுகிறது. நாளை புகைப்படத்துக்காக அவனுக்குக் கைகொடுக்க வேண்டுமாம். மாட்டேன். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்தான். நம் ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லையே.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அடுப்புப் பற்றவைக்க உதவும். அடுத்த விமானத்தில் உலர்ந்த மூஸ் மானிறைச்சி அனுப்பு. மாலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் போன் செய். வீடு சேரும்வரை எதையாவது பேசிக்கொண்டே இரு.

மாடியில் வீட்டு அம்மாளின் அறையில் விளக்கு எரிகிறது. நிறுத்துகிறேன்.

ஷேலின்