முகம் காட்டாத பேட்டி

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஷிப்டு முடிந்து வந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நீங்கள் பேட்டி கொடுத்த அந்த ஆவணப்படத்தை நேற்று மகளும் பார்த்துவிட்டாள். முகத்தை மறைத்து, குரலை மாற்றி என்ன பயன்? கையைக் காட்டியதுமே, "அம்மா, இது அப்பா கைதானே?" என்றாள். அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியாதா?

வாடகை வீட்டுச் சமையலறையில் நீங்கள் போதை மருந்து காய்ச்சியதை, பளபளக்கும் கண்ணாடிக் குடுவையும் இசையுமாகக் காட்டினார்கள். உங்களை 'ரசாயன மேதை' என்றார்கள். "அப்பா அவ்ளோ பெரிய ஆளாம்மா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் இருந்தது பெருமை.

உங்களை நம்பி அந்த அடுப்படியில் நின்ற என் அண்ணன் படத்தில் எங்குமே இல்லை. வீட்டில் சிலிண்டர் வெடித்துத்தான் மாமாவுக்குக் கண் போனது என்று இன்னும் எத்தனை நாள் அவளிடம் சொல்வது? இன்று அவளை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். நடந்ததை அவரே சொல்லட்டும். நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் சட்டை இஸ்திரிக் கடையில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம் எடுக்கப் போவதாக டிவிக்காரர்கள் போன் செய்தார்கள். நீங்களே பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. வருகிறோம் என்று சொல்ல அண்ணனுக்குப் போன் செய்தேன். அவரும் டிவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். குரலை மாற்றியும் உங்கள் பேச்சு அவருக்குத் தெரிந்துவிட்டது. "மாப்பிள்ளை என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவாரான்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தேம்மா" என்றார்.