நல்லதண்ணிக் கிணறும் ஒரு சிட்டிகை உப்பும்

என் அன்பு மச்சான் கலியபெருமாளுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லவேண்டியதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அலுவலகத்தில் கோப்பு எழுதுவதுபோல முதலில் ஒரு வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

1. இரண்டு கண்ணாடித் தம்ளர் வித்தை.
2. ஆர்.ஓ. மெஷின் பற்றி என் கருத்து.
3. உன் சிறுநீரகம் கெட்டதற்குக் கிணற்றுத் தண்ணீர் காரணமா?
4. நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது.
5. மலைமேல் இருக்கிற ஊற்று.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நல்லதண்ணிக் கிணற்றை மூடிவிட்டார்கள். பழைய கட்டடம் இடித்த செங்கல்லையும் காரையையும் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு நாள் வேலை. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை நடை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அந்தத் தம்ளர் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே நீதான். பல வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் டை கட்டிய ஒருவன் உன் அக்காவிடம் தண்ணீர் மெஷின் விற்க வந்தான். ஒரு தம்ளரில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அவன் கேனில் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தான். கிணற்றுத் தண்ணீர் துருவேறிக் குழம்பிப் போயிற்று. அவனுடையது தெளிவாக நின்றது. உன் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நீ சமையலறைக்குப் போனாய். திரும்பி வந்து, அவனுடைய தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாய். கொஞ்ச நேரத்தில் அதுவும் பழுப்பாகிவிட்டது.

“இன்னா தம்பி, இப்ப எது வெசம்? எங்க அக்கா போட்ற உப்பா?” என்று கேட்டாய். அவன் கம்பிகளைத் துடைக்காமலேயே பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

பிறகு எனக்கு விளக்கினாய். கரைவது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவன் இறக்கிய இரும்புக் கம்பிதான். கிணற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே உப்புகள் உண்டு. அதனால் மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைந்து துருவாக இறங்குகிறது. வடித்த தண்ணீரில் உப்பு கம்மி, மின்சாரம் பாயாது, அது அப்படியே நிற்கிறது. முப்பது வருஷம் குடிநீர்ப் பொறியாளனாக இருந்தவன் நான். சர்க்கரை ஆலையில் சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்த நீ எனக்குப் பாடம் சொன்னாய். எனக்கு அதில் வெட்கமில்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது, சொல்கிறேன்.

அதே வித்தையோடு மூன்று மாதத்துக்கு முன்னால் வேறொருவன் வந்தான். மாரியம்மன் கோயில் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்திலேயே மெஷின் அறை கட்டலாம் என்று முன்பே பேச்சு இருந்தது. நான் முதல் நாளே தயாரானேன். உப்பைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என்ன சொல்லவேண்டும் என்று ஆறு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்தேன்.

“இன்னாங்க, கூட்டத்துக்குப் போறதுக்கு இன்னாத்துக்கு உப்பு?” என்றாள் உன் அக்கா.

“உன் தம்பி செஞ்சத நானும் செய்யப் போறேன்” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “செஞ்சிட்டு வாங்க, பாக்கலாம்” என்றாள்.

தம்ளர் கலங்கியதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அவன் அந்தத் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “இத்தத்தான நீங்க குடிச்சிக்கினு கீறீங்க? இந்த ஊர்லயே ஒருத்தரு கிட்னி ரெண்டும் போயி செத்தாராமே?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ என் மச்சான் அல்லவா.

கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்: “ஐயா, நீங்கதான இஞ்சினியரு. நீங்க இன்னா சொல்றீங்க?”

எழுந்தேன். சட்டைப்பையில் கை இருந்தது. ஆறு வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. “மெஷின் நல்ல மெஷின்தான்... ஆனா தண்ணிய ஒருதடவ பரிசோதனை...” என்றேன். “நல்ல மெஷின்தான்” என்றதும் கைதட்டிவிட்டார்கள். “ஆனா”வுக்குப் பிறகு சொன்னது எனக்கே கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். தீர்மான நோட்டில் ‘ஊரின் மூத்த பொறியாளரும் ஆமோதித்தார்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது.

இரண்டாவது புள்ளிக்கு வருகிறேன். அந்த மெஷின்மேல் எனக்குப் பகை இல்லை. உவர்ப்பு ஏறிய ஊர்களில், வேறு வழியே இல்லாத இடத்தில், அது வேண்டும். ஆனால் அது ஒரு குடம் கொடுக்க ஒரு குடத்துக்கு மேலேயே வெளியே தள்ளுகிறது. நம் ஊரில் அந்தக் கழிவு தெருவில் ஓடி, கோயில் முன்னால் சேறாகிக் கிடந்தது. நல்ல தண்ணீருக்கு அதைப் பூட்டுவது, காய்ச்சல் இல்லாதவனுக்கு ஊசி போடுவது மாதிரி. ஒரு கருவியை நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களிடம், எந்தத் தண்ணீருக்கு என்று திருப்பிக் கேட்கவேண்டும். இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். எழுதும்போது எவ்வளவு எளிதாக வருகிறது பார்.

நாம் இரண்டு பேரும் எதைத்தான் விட்டோம்? செல்போன் கோபுரம் குருவியைக் கொல்கிறதா, பெட்ரோலில் எத்தனால் கலந்தால் பழைய வண்டி கெடுமா என்று டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று ஒருவன் சொன்னதற்கு நான் காந்தம் வாங்கிக் கட்டினேன். “மாமா, வண்டி இனிமே வடக்கப் பாத்துதான் ஓடும்” என்றாய். இப்போது யாரோடு சண்டை போடுவது? போனைத் திறந்தால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. யாருக்கும் சந்தேகமே இல்லை. சந்தேகம் முழுவதும் என் ஒருவனிடமே தங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது.

மூன்றாவது புள்ளியை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

கூட்டத்தில் நான் உட்கார்ந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அவன் உன் பேச்சை எடுத்ததும், ஒருவேளை உண்மையாக இருந்தால் என்று எனக்குள்ளே ஒன்று கேட்டது. தம்ளர் வித்தை பொய் என்பதாலேயே தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. அதனால் மறுநாளே இரண்டு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, ஒன்றைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வருவதற்குள் கிணறு மூடியாயிற்று. குளோரின் மட்டும் போட்டுக் குடிக்கலாம், மற்றதெல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று வந்தது. இரண்டாவது பாட்டில் உன் படத்துக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. அந்தக் கிணற்றில் மிச்சம் அவ்வளவுதான்.

உன் மருத்துவக் கோப்பையும் வரிவரியாகப் படித்தேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாததால் சிறுநீரகம் போனது என்று எழுதியிருக்கிறது. உன் பெண்டாட்டி சரசு உன் பெட்டியைத் துப்புரவு செய்தபோது மாத்திரை அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. ஒன்றுகூடப் பிரிக்காதவை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழவில்லை, “இன்னாத்துக்கு அண்ணா, இன்னாத்துக்கு?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும் இன்னாத்துக்கு என்று. சர்க்கரை மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று போனில் சுற்றிய ஒரு செய்தி. அதை என்னிடம் காட்டினாய். ஆலை கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

“இன்னா மாமா, இது நெஜமா இருக்குமா?”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். “இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எதுக்கும் டாக்டர கேளு” என்றேன். நீ மாத்திரையை விட்டு நாட்டுமருந்துப் பொடிக்கு மாறினாய். மாறியது தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவனுடைய தம்ளரில் ஒரு பார்வையில் பொய்யைக் கண்டுபிடித்தவன், தன் உடம்பு விஷயத்தில் எப்படி ஏமாந்தாய் மச்சான்?

நான்காவது புள்ளியை வைத்துத்தான் இத்தனை நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன். நான் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? டை கட்டினவன் பேச்சு எடுபடும், நடுங்குகிற கிழவன் பேச்சு எடுபடாது. ஊரும் கேட்டிருக்காது, பிடிவாதக்காரன் நீயும் கேட்டிருக்கமாட்டாய். இதை எனக்குள்ளே எத்தனை தடவை நிரூபித்தேன் தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை மதியம் வார்டு உறுப்பினர் அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். மெஷின் நின்று இரண்டு வாரமாகிறது, கிணறும் இல்லை, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதித் தரவேண்டும் என்றாள். உன் அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சும்மா இருக்காமல், “அன்னிக்கு இவுரு பையில உப்பு வச்சிக்கினுதான் வந்தாரு. அப்படியே திருப்பி எடுத்துக்கினு வந்துட்டாரு” என்றாள்.

“இன்னா உப்பு கிப்புன்னு சொல்றீங்க, புரியலயே” என்றாள் அஞ்சலை.

வேறு வழியில்லாமல் செய்து காட்டினேன். உன் பழைய வண்டி பேட்டரி, இரண்டு ஆணி, கடையில் வாங்கிய கேன் தண்ணீர். முதலில் ஒன்றும் ஆகவில்லை. உப்பைப் போட்டேன். ஆணியைச் சுற்றிப் பச்சையாக எழும்பி, மெல்லப் பழுப்பாகிக் கலங்கியது. அஞ்சலை குனிந்து பார்த்தாள்.

“ஏன் ஐயா, இத்த அன்னிக்கே செஞ்சி காட்டியிருந்தா நான் கைய தூக்கியிருப்பனா?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “அவன் இன்னா சொன்னா எங்களுக்கின்னா? நாங்க உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தோம். நீங்க எழுந்தீங்க, ஒக்காந்துட்டீங்க. சரி, இஞ்சினியரே ஒக்காந்துட்டாரு, இன்னும் இன்னா இருக்குதுன்னு நாங்களும் கைய தூக்கிட்டோம்.”

மனுவை எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் பிழை விட்டேன். நான் மனுவில் பிழை விடுவதில்லை, உனக்குத் தெரியும்.

போகும்போது அவள் சொன்னதுதான் ஐந்தாவது புள்ளி. அதே மெஷின் ஆட்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் போகிறார்களாம். நான் வேலையில் சேர்ந்த புதிதில் தொட்டி கட்டிக் குழாய் இறக்கினேனே, அந்த ஊற்று இருக்கிற ஊருக்குத்தான். ஒருமுறை நீயும் கூட வந்தாய். குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு பெரியவர், “சார், மோட்டரே வாணாமா? அதுவா வருமா?” என்று மூன்று தடவை கேட்டார். “மலைதான் பெரியவரே மோட்டரு” என்றாய். அந்தத் தண்ணீர் இன்றைக்கும் அதுவாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

போகப்போகிறேன், மச்சான். காலை முதல் பஸ். அஞ்சலையும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் வரவழைத்துச் சோதனைக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கிறேன்; அது கெட்டிருந்தால் அதையும் அங்கேயே சொல்லுவேன். நம் கிணறு திரும்பி வராது. நீ வரமாட்டாய். என்னை நான் பெரிதாக நம்பவும் இல்லை. ஆறு வாக்கியமும் மறந்துபோகலாம். ஆனால் உன்மேல் ஆணையாக, அந்தத் தம்ளரில் உப்பை என் கையாலேயே போடுவேன். கை நடுங்கும். நடுங்கினாலும் உப்பு விழும் அல்லவா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் படிக்கட்டும். வாயால் சொல்ல முடியாததை இப்படியாவது சொல்லிவிடுகிறேன்.

மேலே போட்ட வரிசையைத் திருத்தவில்லை. சோதனைக் குறிப்பேட்டில் தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பது படிக்கும்படி விடவேண்டும் என்று நீ சொல்வாய். அப்படியே செய்கிறேன். நான்காவது புள்ளி தவறு. ஊர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேன்டீன் வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றபோது, நீயும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அக்காளைக் கட்டிய,
உனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தவறிய,
உன் மாமன்.