டயருக்குப் போன எலுமிச்சம்பழம்

இன்று அமாவாசை. டோல்கேட் தாண்டி வரும்போது சாலை முழுக்க நசுங்கிய எலுமிச்சை வாசனை. பூசை போட்டுவிட்டுக் கிளம்பிய வண்டிகள் நிறைய முன்னால் போயிருக்க வேண்டும். அந்த வாசனை கேபினுக்குள் ஏறியதும் உன் நினைவு வந்தது மாமு. செத்துப்போன சிநேகிதனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவன் சிரிப்பையோ குரலையோ சொல்வார்கள். எனக்கு உன் ஈறுதான் முதலில் ஞாபகம் வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நாம் இரண்டு பேரும் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டினோம். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் வரிசை நிற்கும். உன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். வரிசை நகராதபோது நீ இறங்கி வந்து என் கதவைத் தட்டுவாய். ஒரு வருஷம் அப்படித் தட்டுவதை நிறுத்திவிட்டாய். கேபின் படி ஏறி இறங்க முட்டி வலிக்கிறது என்றாய். கிழவனாகிவிட்டாய் என்று கிண்டல் செய்தேன். பிறகு ஒருநாள் உன் டீ கிளாஸ் விளிம்பில் ரத்தம் பார்த்தேன். கேட்டதற்குக் கைலியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாய். எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலத் திட்டுகள், மயிர்க்கால்களில் சிவப்புப் புள்ளிகள்.

"வெளில சொல்லாத மாமு. இது ரத்தக் கேன்சரு. எங்க தெருவுல ஒர்த்தருக்கு இப்டித்தான் ஆரமிச்சுது."

"டாக்டராண்ட காமிச்சியா?"

"இன்னாத்துக்கு? போனா பேர் வெச்சிடுவாங்கோ. மொதல்ல பொண்ணு நிச்சயம் முடியட்டும்."

திருவொற்றியூரில் உன் மகளுக்கு இடம் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் ரத்தம் கசிகிற உன் ஈறைப் பார்த்துவிட்டால் பேச்சு நின்றுபோகும் என்று பயந்தாய். "நான் வர்ல. என் எடத்துல நீ நின்னு தட்டு மாத்திடு" என்றாய். வண்டியை மாற்றி நிறுத்தச் சொல்கிற மாதிரிதான் சொன்னாய்.

உன்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது நான்தான். டாக்டரம்மா ஈறைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். மறுபடி போனபோது கேன்சர் இல்லை என்றார். நீ நம்பாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"டீ, பன்னு."

"அதுக்கு முன்னாடி நாள்?"

"பன்னு, டீ. வூட்ல இருந்தா தயிர் சோறு."

"காய், பழம்?"

"வவுத்துல புண்ணு வந்துச்சும்மா. புளிப்பு ஆவாது, காரம் ஆவாதுன்னாங்கோ. வுட்டு ரெண்டு வருசம் ஆவுது."

யாரோ ஒரு டிரைவர் சொன்னது அது. வேறு யார் பேச்சையும் நீ அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. புளிப்போடு குழம்பு போனது, குழம்போடு காய் போனது, பழமும் போனது. பீடி மட்டும் போகவில்லை.

"எலுமிச்சம்பழம்கூட வாங்கறது இல்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

நீ உண்மையிலேயே யோசித்தாய். "மாசாமாசம் வாங்கறேன்மா. டயருக்கு."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். வைட்டமின் சி அடியோடு குறைந்தால் வருகிற நோய், ஸ்கர்வி என்று பெயர், அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போனவர்களுக்கு வந்தது என்றார்.

"கப்பல்ல ஏறுனதே இல்லியேம்மா. அத்துக்கோசரம் வெளில நிக்கிறதோட சரி."

நம் உடம்பு இந்தச் சத்தைத் தானாகச் செய்துகொள்ளாது, அதிக நாள் சேர்த்தும் வைக்காது, பீடி பிடித்தால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவர் விளக்கினார். "அப்ப டீசல் மாதிரி, போட்டுக்கினே இர்க்கணும்" என்றாய். வயிற்றுப் புண் எப்போதோ ஆறியிருந்தது. எலுமிச்சை எரிந்தால் கொய்யா சாப்பிடுங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சப்பிச் சாப்பிடுகிற ஆரஞ்சு நிற மாத்திரை. சில நாளிலேயே ஈறில் ரத்தம் நின்றது. திட்டுகள் மெல்ல மறைந்தன. நிச்சயத்தன்று தட்டு மாற்ற நீயே போனாய். புகைப்படத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாய். அன்று நான் சாப்பாட்டுப் பந்தியில் கொஞ்சம் அழுதேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதோடு விட்டாயா? சளிக்கு, முட்டி வலிக்கு, முடி கொட்டுவதற்கு என்று வரிசையில் நின்ற டிரைவர்களுக்கெல்லாம் அந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி கொடுத்தாய். அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். குறை இருக்கிறவனுக்குத்தான் மாத்திரை, அதுவும் அளவோடு. தேவைக்கு மேல் போனது சிறுநீரில் போய்விடும், ரொம்ப மிஞ்சினால் சிறுநீரகத்தில் கல்லாகவும் நிற்கலாம். குணமானவன் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த அமாவாசைக்கு நீ ஐந்து பழம் வாங்கினாய். நாலு, டயருக்கு. "டிரைவருக்கு ஒண்ணு வேணாமா?" என்று சொல்லி ஐந்தாவதை நறுக்கினாய். உப்புப் போட்ட தண்ணீரில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. ஒரு பழத்துக்கு மாதம் முழுக்கத் தாங்குகிற சக்தி இல்லை என்று நமக்குத் தெரியும். மற்ற நாளில் கொய்யாவும் கீரையும் சாப்பிட்டோம். ஆனாலும் அமாவாசைப் பழத்தை விடவில்லை.

போன வருஷம் மாரடைப்பில் போனாய். அதற்கும் ஈறுக்கும் சம்பந்தமில்லை.

நான் இன்னும் ஐந்து பழம்தான் வாங்குகிறேன். இன்று வரிசையில் நின்றதும் ஐந்தாவதைப் பிழிந்தேன். முழுப் பழம் ஒரு ஆளுக்கு ரொம்பப் புளிப்பு. முன்னால் நின்ற வண்டியின் கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் வைத்திருந்தேன். வரிசை நகர்ந்தது. முழுவதையும் நானே குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.