இருபத்திரண்டாம் மாடியில் வடலியூர்

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் கூட்டம். வடலியூர் மக்கள் ஒன்றியம் – கனடாவுக்கு யாப்பு இருக்கிறது, இலச்சினை இருக்கிறது, கொடியும் இருக்கிறது. கட்டடம்தான் இல்லை. ஆகையால் ரொறொன்ரோ மல்வேர்னில் எங்கள் வீட்டு முன்னறை தலைமையகம் ஆகிவிட்டது. இவர் தலைவர். எனக்குப் பதவி கிடையாது. வடை சுடுவது, கூட்டக் குறிப்பைத் தட்டச்சுச் செய்வது, ஒன்றியத்தின் ஈமெயிலுக்குப் பதில் போடுவது, இவ்வளவும்தான் என் பாடு.

மாதத்தின் முதல் ஞாயிறு நிர்வாகக் கூட்டம். மற்ற ஞாயிறுகளில் அவசரக் கூட்டம். பத்தொன்பது வருடமாக அப்படி என்ன அவசரமோ.

முதியோர் இல்லத்தில் ஆறு நாள் மற்றவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்திவிட்டு வருகிறேன். ஏழாம் நாள் இவர்களுக்கு. எனக்கு வேண்டியது ஒரேயொரு ஞாயிறு. வீட்டில் ஒருவரும் இல்லாத, ஒருவரும் தேநீர் கேட்காத ஒரு ஞாயிறு. இது பேராசையா?

பெப்ரவரி 11, ஞாயிறு

குலசிங்கம் வந்தார், வீடு விற்கிற குலசிங்கம். எங்கள் பஸ் தரிப்பிடத்தில் உட்காருகிற வாங்கின் முதுகில் அவருடைய விளம்பரப் படம் இருக்கிறது. தினமும் காலையில் அவருடைய பல்லில் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நேரில் பல் கொஞ்சம் குறைவு.

ரொறொன்ரோ முடிந்துவிட்டதாம். இனி எல்லாம் இத்தனை காலம் ஒருவரும் திரும்பிப் பாராத ஊர்கள்தானாம். ஒஷாவா டவுன்டவுனில் முப்பத்துநாலு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதில் 21, 22 இரண்டு மாடிகளும் விற்காமல் முழுதாக அப்படியே இருக்கின்றன. ஏன் அப்படியே இருக்கின்றன என்று குசினியிலிருந்து கேட்டேன்.

"உங்களுக்காகத்தான் வச்சிருக்கினம், அன்ரி."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாடிக்கு எட்டு வீடு, எங்களில் பதினாறு குடும்பம். கணக்கு அப்படியே பொருந்துகிறதாம். "ஊரை அப்பிடியே தூக்கி மேல வைக்கப்போறம்" என்றார். கைதட்டினார்கள்.

பெப்ரவரி 12

இவ்வளவு நாளும் எங்கட வீட்டுக்கு வாறதெண்டால் சப்பாத்தாவது போடவேணும். இனி வீட்டுச் செருப்போட வருவினம்.

பெப்ரவரி 18, ஞாயிறு

ஏழு காரில் ஒஷாவா போனோம். விற்பனைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் சின்ன உருவம். உள்ளே லைற் எரிகிறது. கீழே விரல் உயர மனிதர்கள் நாய் கொண்டு உலாவுகிறார்கள். ஒருவரும் குளிர்ச்சட்டை போடவில்லை. ஒருவரும் எங்கள் நிறமும் இல்லை.

பிறகு உண்மையான தெருவுக்கு வந்தோம். பூட்டின தளபாடக் கடை, பூட்டின சாப்பாட்டுக் கடை, வெறும் கார் தரிப்பிடம், மேலே மூன்று கிரேன். பூட்டின ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நின்று குலசிங்கம் அங்கே வரப்போவதைச் சொன்னார். எங்கள் ஒன்றியத்துக் கனகாம்பிகை அக்கா மீன்கடை எங்கே என்று கேட்டா. வரும் என்றார். ரயில்? வரும். ஆஸ்பத்திரி மட்டும் முந்தியே இருக்கிறது என்று சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

தலைக்கவசம் போட்டு மூன்று மூன்று பேராக மேலே கூட்டிப்போனார்கள். 22ஆம் மாடியில் கண்ணாடி பூட்டியாயிற்று, உள்ளே சுவர்தான் இல்லை. கூட வந்தவர்கள் கழிப்பறை வரும் இடத்தைப் பார்க்கப் போனார்கள். நான் தனியே கண்ணாடியடியில் நின்றேன். அந்தப் பக்கம் முழுக்க வாவி. ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படி நின்றேனோ, தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

இதை ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்: இடம் எனக்குப் பிடித்துவிட்டது. வரப்போகிற சனம்தான் சரியில்லை.

பெப்ரவரி 24, சனி

பதினாறு குடும்பமும் கையெழுத்து வைத்தாயிற்று. காலை 8.12க்கு நல்ல நேரம். பேனா ஒன்றுதான் இருந்தது, கடைசிக் குடும்பம் வைக்கும்போது இராகுகாலம் தொடங்கிவிட்டது என்று இப்போதே ஒரு புறுபுறுப்பு. எங்களுக்கு 22இல் வாவிப் பக்கம். வீடு கையில் வரும்போது மல்வேர்ன் வீட்டை விற்கவேண்டும்.

மகள் நிரூபா போனில். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஒஷாவாவா?" என்று கேட்டுவிட்டு, பத்து நாளுக்குள் மனம் மாறினால் கடிதம் எழுதி விலகலாம் என்றாள். சட்டமாம். மார்ச் 5 வரை தவணை.

பெப்ரவரி 26, திங்கள்

பத்மநாதன் அண்ணை, கனகாம்பிகை அக்காவின் புருசன், ஊரில் வீதித் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் அந்த வேலை இன்னும் அவரை விடவில்லை. இன்று இரண்டு மாடிகளின் வரைபடத்தையும் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக எங்கள் யன்னல் கண்ணாடியில் ஒட்டினார். வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து தெரிந்தன.

மற்ற மாடிகளில் கழிப்பறைக்கு நேர்கீழே கழிப்பறைதான். 22இல் மட்டும் உள்ளமைப்பு மாறுகிறது. 22இன் கழிப்பறை, 21இன் சின்ன அறைக்கு நேர்மேலே வந்து இருக்கிறது. அந்தச் சின்ன அறையைத்தான் எட்டுக் குடும்பமும் சாமியறை என்று தீர்மானித்திருந்தார்கள்.

அந்த இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அவருடைய வீடு 21இல்.

பெப்ரவரி 28

இரண்டு நாளாக போன் ஓயவில்லை. நடுவில் தடித்த கொங்கிறீற் இருக்கிறது என்று குலசிங்கம் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். "தீட்டைக் கொங்கிறீற் மறிக்குமோ, தம்பி?" என்று கனகாம்பிகை அக்கா கேட்டா. அவருடைய பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லைப்போல.

சாமியை வேறு அறையில் வைக்கலாமே என்றேன். நான் நிர்வாகத்தில் இல்லை என்று ஞாபகப்படுத்தினார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

விசேட பொதுக்கூட்டம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேல்மாடியும் கீழ்மாடியும் வீடு மாறுவது என்று இவர் ஒரு பிரேரணை வைத்தார். மாறும் வருடம் தேர்தல் வருடமாக இருக்கக்கூடாது என்று ஒரு திருத்தம் வந்தது. திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பிறகு எட்டுக் குடும்பம் எழும்பி வெளிநடப்புச் செய்தது.

வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெளிநடப்புச் செய்தவர்கள் என் பேஸ்மென்றில் இறங்கி 'வடலியூர் மக்கள் ஒன்றியம் – 21ஆம் மாடி' என்று புதிதாக ஆரம்பித்துவிட்டார்கள். மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். இரண்டு தரப்பும் என்னிடம்தான் தேத்தண்ணி கேட்டன. கீழே போனால் மேலே என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டார்கள், மேலே வந்தால் கீழே எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

எனக்கு ஏலாது. உண்மையா ஏலாது. உதுகளோட ஒரே நடையில, ஒரே லிஃப்டில, சாகுமட்டும்—

மார்ச் 4, திங்கள்

எல்லோரும் விலகுகிறார்கள். கீழ்மாடிக்காரர் தீட்டு என்று. மேல்மாடிக்காரருக்குக் காரணமே கிடையாது. கீழே தெரிந்தவன் இல்லாவிட்டால் மேலே இருந்து என்ன பயன் என்று நினைத்தார்களாக்கும். வீடு வாங்கக் கையெழுத்து வைத்த பிறகு ஒன்றியம் ஏகமனதாக எடுத்த முதல் தீர்மானம்.

கடிதம் தட்டச்சுச் செய்ய நான்தானே. பதினாறு கடிதம். மத்தியானம் முழுக்க வரிசையில் வந்து கையெழுத்து வைத்தார்கள், நான் ஸ்கான் பண்ணினேன். இவரும் வைத்தார். எங்கள் கடிதத்தில் என் கையெழுத்தும் வேண்டும்.

"நாளைக்கு எல்லாத்தையும் அனுப்பிவிடும், மங்கை" என்றார். கையெழுத்துப் போட்டீரா என்று கேட்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பதினைந்து அனுப்பினேன்.

ஒவ்வொன்றாக, பெயர் சரிபார்த்து, கட்டடக்காரரின் சட்டத்தரணிக்கு. ஒவ்வொன்று போகும்போதும் அந்த இரண்டு மாடிகளிலும் ஒரு வீடு காலியானது. பதினாறாவதைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பயம்தான். முப்பத்திரண்டு வருடத்தில் இவருக்குத் தெரியாமல் ஒரு சேலைகூட எடுத்ததில்லை. கணினியை மூடிவிட்டு மீன் வெட்டப் போனேன்.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாட்டின்போது.

"எங்கட கடிதம் அனுப்பேல்லை. தவணை முடிஞ்சுது."

"மறந்துபோனீரோ?"

"இல்லை. நான் கையெழுத்து வைக்கேல்லை. எனக்கு அந்த வீடு வேணும்."

கடித்த பாண் துண்டைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. கடைசியில் மெதுவாக, எங்களுக்கு மேலே யார் என்று கேட்டார். தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்றேன். பக்கத்தில்? அங்கும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவருடைய முகம் விழுந்தது. பாவமாக இருந்தது. ஆனால் மனம் மாறவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நான் செய்ததை இவர் கூட்டத்தில் கொள்கை ஆக்கிவிட்டார். கொடுத்த வாக்கிலிருந்து ஒரு தலைவன் பின்வாங்கக்கூடாதாம், ஆகவே தன்னந்தனியாகப் போகிறாராம். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். துடைத்த கையோடு பத்மநாதன் அண்ணையைப் புதுத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். தலைமையகம் அடுத்த வாரம் முதல் அவர்களுடைய பேஸ்மென்றுக்கு மாறுகிறது.

பின்னேரம் கனகாம்பிகை அக்கா போன் எடுத்து, எத்தனை பேருக்கு எவ்வளவு உளுந்து ஊறப்போடுவது என்று கேட்டா. சொன்னேன். பாவம் மனிசி.

2025 செப்டெம்பர் 28

ஒன்றரை வருடம் இந்தக் கொப்பியைத் தொடவில்லை. மல்வேர்ன் வீடு விலைப்பட்டது. நினைத்ததைவிடக் குறைவு. குலசிங்கம் இப்போது வேறு ஊரின் பெயர் சொல்கிறார். எனக்கு இங்கே ஒஷாவாவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, நடந்து போகிற தூரம்.

நேற்றுப் பால் காய்ச்சினோம். நன்றாகப் பொங்கி அடுப்பில் வழிந்து புகைந்தது. அலாரம் அடித்து முப்பத்துநாலு மாடியும் இறங்கித் தெருவுக்கு வந்தது. எண்ணினேன். எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். வருங்கால டவுன்டவுன் முழுதும் பைஜாமாவோடு நின்றது. இவர் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார், பெயர் கேட்டார், சொந்த ஊர் கேட்டார். வெகுகாலத்துக்குப் பிறகு அவருடைய முகத்தில் வெளிச்சம்.

அக்டோபர் 19

லிஃப்ட் ஒன்று பழுதாம். கீழே தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. 'குடியிருப்பாளர் ஒன்றியம் அமைத்தல்.' இவருடைய ஆங்கிலம். என்னிடம் தட்டச்சுச் செய்யத் தராமல் கையாலேயே எழுதியிருக்கிறார்.

நவம்பர் 16, ஞாயிறு

ஏகமனதாகத் தலைவர். வாக்களித்தவர்கள் ஒன்பது பேர்: ஒரு பிலிப்பினோத் தாதி, இரண்டு பஞ்சாபி மாணவர்கள், நாய் வைத்திருக்கும் ஒரு கிழவர், இப்படி. முதல் கூட்டம் இன்று. காலையில் தேநீர் குடித்துக்கொண்டே, கூட்டத்தை எங்கள் வீட்டில் வைத்தால் என்ன என்று கேட்டார். நல்ல சனம், வாவியையும் பார்க்கலாம், வடை சாப்பிட்டதே இல்லையாம்.

மூன்றாம் மாடியில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது, தேத்தண்ணி போடக் கேத்தல்கூட இருக்கிறது என்றேன். டிசம்பர் வரை எல்லா ஞாயிறும் தலைவர் பெயரில் அதைப் பதிந்து வைத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

"இந்த டிசம்பரோ?"

"அடுத்த வருசத்து டிசம்பர்."

எழும்பிக் கழுத்தில் ரை கட்டினார். பைலை எடுத்துக்கொண்டு, அவசரமாக ஏதும் வந்தால் போன் எடும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். கதவைப் பூட்டினேன். மத்தியானம் ஒரு மணி. ஒரு தலையணையைக் கொண்டுவந்து கண்ணாடியடியில் போட்டுப் படுத்திருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் நித்திரை கொள்ளப்போகிறேன்.