தாஸ்முரின் கரையில் ஒரு நல்ல சேதி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தாஸ்முரின் வந்து சேர்ந்தாயிற்று. எனக்கு விடுமுறை என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் என்னிடமிருந்து அவளுக்கு விடுமுறை. எங்கள் நகரம் அக்தாவில் நிம்மதியாகத் தூங்குவாள்.

மாமா வாசலிலேயே "வாங்க மருமகனே" என்றார். என் பெயர் உல்போல்சின், 'மகனாகப் பிறக்கட்டும்' என்று அர்த்தம். பெண்ணாகப் பெற்றுச் சலித்துப்போய் அப்பா கடவுளிடம் போட்ட விண்ணப்பம் நான். பதில் வரவில்லை. விண்ணப்பம் மட்டும் வளர்ந்து பத்தாம் வகுப்பு முடித்துவிட்டது.

அலைபேசி இங்கே பேசாது, அலைதான் பேசும். கரை அழகு, அதை மறுக்க முடியாது. பால் மாதிரிப் பாறைச் சுவர், அடியில் மாவு மாதிரி மணல். சுவருக்கு மேலே பழைய கல்லறைகள். கல்லில் செதுக்கிய ஆட்டுக்கடாக்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. நகரத்து ஆட்கள் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். மாமா கீழேயிருந்து திட்டுகிறார். அவர்கள் கையசைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தாய்மாமன் வீட்டில் அக்காள் பிள்ளை எதை எடுத்தாலும் யாரும் கேட்கக்கூடாது. பரம்பரை பரம்பரையாக வந்த இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். இன்று ஸுயின்ஷி வேட்டை. "ஸுயின்ஷி" என்று கத்திக்கொண்டு ஒருத்தர் ஓடி வந்தால் நல்ல சேதி என்று பொருள். சேதியைக் கேட்கும் முன்பே கையில் எதையாவது கொடுத்தாக வேண்டும்.

மாமாவிடம் பேனாக்கத்தி வாங்கினேன். சேதி: "உங்க ஆடு இன்னிக்கும் ஆடுதான் மாமா."

ஸைரா மாமியிடம் தலைத்துணி. சேதி: "மிராஸ் பல்லு தேய்ச்சுட்டான்."

மாமி கத்தியது மசூதி வரை கேட்டிருக்கும். ஸைரா மாமி இல்லை, சைரன் மாமி. மிராஸ் அவர்களுடைய மகன், என் வயசு, மூளை மட்டும் பாதி வயசு.

பக்கத்து வீட்டுக் குன்சுலு அக்கா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அவர் கணவர் தாஸ்தெமிர் அண்ணன் மார்ச்சில் மீன்பிடிக்கப் போனவர். படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஊரில் யாரும் 'செத்துட்டார்' என்று சொல்வதில்லை. "இன்னும் வரல" என்கிறார்கள், பேருந்தைச் சொல்கிற மாதிரி.

மாமியிடம் ஏன் என்று கேட்டேன். "சாவுச் சேதிய அவ மாமனார் வீட்டுப் பெரியவங்கதான் முறைப்படி வந்து சொல்லணும். அதுல ஒருத்தர் இன்னொருத்தரக் கை காட்டிட்டு உக்காந்திருக்காங்க. சொல்லாம அவ எப்படி அழுவா? அழாம எப்படி முடியும்? நீ வாய மூடிக்கிட்டு வெங்காயம் உரி."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதுவதா வேண்டாமா.

மத்தியானம் கரையில் சுற்றுலாக்காரர்கள் முழுத் தர்பூசணி ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். மிராஸ் பாறைக்குப் பின்னால் தூங்குகிறான் என்று நினைத்து "ஸுயின்ஷி, ஸுயின்ஷி" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பாறையைச் சுற்றிப் போனால் அங்கே குன்சுலு அக்கா. கம்பளம் அலசிக்கொண்டிருந்தார்.

என்ன சேதி என்று அவர் கேட்கவில்லை. எழுந்து, ஈரக் கையிலிருந்த வெள்ளி வளையலைக் கழற்றி என் கையில் மாட்டி, மணிக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"எங்க?" என்றார்.

தர்பூசணி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல் வரவில்லை. என் விரல் தானாகவே நீண்டு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்கைக் காட்டியது. "அந்தப் பக்கம்" என்றேன்.

கம்பளத்தை விட்டுவிட்டு நடந்தார். ஓடவில்லை. நடந்தார்.

திரும்பி வந்து என்னை அறையட்டும் என்று காத்திருந்தேன். வெயில் சாயும்போது வந்தார். பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது. என் தலையைத் தடவி "நீ நல்லாருப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 7, புதன்

குன்சுலு அக்கா தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். வளையலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனேன்.

கொடியில் ஆம்பளைச் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று கிண்ணங்கள். எனக்கு ஊற்றினார், தனக்கு ஊற்றினார், காலி இருக்கைக்கு முன்னால் ஒன்று ஊற்றினார். மாமி செய்த பலகாரத்தைப் பற்றி, மழையைப் பற்றி, வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். பேசி முடித்துப் பார்த்தால் மூன்றாவது கிண்ணம் பாதி. அக்காவின் கை மடியிலேயே இருந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேனா?

"அக்கா, நான் சொன்னது பொய்" என்றேன். ஒரே மூச்சில். "தர்பூசணிக்காகக் கத்தினேன். அங்க யாரும் இல்ல."

"தெரியும்டி" என்றார். "நீ சொன்னப்ப பொய். நான் போய்ப் பாத்தப்ப இல்ல."

"யாரப் பாத்தீங்க?"

"இடுப்பளவு தண்ணில நிக்கிறார். பேசுறார். அதுக்கு மேல கரைக்கு வர முடியலையாம். வெள்ளிக்கிழமை கடல் பின்னால போகும், அப்ப நீ வாயேன்னார்." கிண்ணத்தைத் துடைத்து வைத்தார். "எத்தனை நாளைக்கு அவரே வந்துட்டிருப்பார், பாவம்."

ஓடி வந்துவிட்டேன். வளையல் என் கையிலேயே.

மாமாவிடம் சொன்னேன். "இந்தத் தடவ ஸுயின்ஷிக்கு என்ன வேணும், மருமகனே? செருப்பு மட்டும்தான் மிச்சம்" என்றார். அழுதேன். அப்புறம்தான் முகம் மாறியது. கொஞ்ச நேரம் வலையைத் தடவிக்கொண்டிருந்தார். "அவ மாமனார் வீட்டுப் பெரியவருக்கு ஆள் அனுப்புறேன். அத நாம சொல்லக்கூடாது. நமக்கு முறை இல்ல."

முறை இல்லை. அக்கா தண்ணீருக்குள் நடந்து போவதற்கு மட்டும் முறை இருக்கிறதா?

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் பாறை மூக்கின் அந்தப் பக்கம் போனேன். கொதிக்கிற வெயில், ஆனால் அங்கே மட்டும் தண்ணீர் மேல் பனிமூட்டம். ஒரு பறவை கூட இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். மிராஸ் என்று நினைத்தேன். என் பாணியிலேயே எனக்குப் பாடம் நடத்துகிறானாம். கூழாங்கல் ஒன்றை எடுத்து முதுகைப் பார்த்து வீசினேன். நான் குறி தவறுகிற ஆள் இல்லை.

கல் போனது. விழுந்த சத்தம் வரவில்லை. தண்ணீரிலும் வரவில்லை.

"யாரடி கல்லால அடிக்கிற?" என்று மிராஸின் குரல் கேட்டது. தலைக்கு மேலே, பாறை உச்சியில், ஆடுகளோடு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உயிரோடு இருக்கிறோம். இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெரியவர் வரவில்லை. கால் வலியாம். மாமா, மாமி, மிராஸ், தெருவே பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டது. எனக்கு வயிற்றுவலி, அதாவது நடிப்பு. குன்சுலு அக்காவின் கதவைப் பார்த்தபடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். தரையிலிருந்து கடலுக்குக் காற்று அடித்தது, ஜன்னல் சட்டமெல்லாம் விசிலடித்தது. ஒரு நிமிஷம் தண்ணீர் குடிக்கப் போனேன். வந்தால் கதவு திறந்து கிடக்கிறது.

கரைக்கு ஓடினேன். கடல் இல்லை.

காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் என்று மாமா சொல்லியிருக்கிறார், ஆனால் இவ்வளவா. கண்ணுக்கெட்டிய வரை சேறு. மீன் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன, கொத்த ஒரு நாரை இல்லை. தூரத்தில் பனிமூட்டம் சுவர் மாதிரி. அதை நோக்கி அக்கா போய்க்கொண்டிருந்தார். தன் கல்யாணத்துக்குப் போட்ட சிவப்பு வெல்வெட் மேலங்கி. செருப்பு கையில்.

கத்தினேன். என் குரலுக்கு இந்த ஊரில் மதிப்பில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சேற்றில் விழுந்து எழுந்து ஓடி மேலங்கியைப் பிடித்தேன்.

"வீட்டுக்குப் போடி" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வளையலைக் கழற்றி நீட்டினேன். "இந்தாங்க, எனக்கு வேண்டாம், வாங்க போலாம்."

"குடுத்தத வாங்கினா சேதியும் திரும்பிப் போயிடும். வெச்சுக்க."

சாவுச் சேதியைப் பெரியவர்கள் சொல்வதாக இருந்தால் கழுகின் சிறகு ஒடிந்ததில் தொடங்குவார்கள். ஏரி வற்றியது, மரம் சாய்ந்தது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள், கேட்கிறவளே புரிந்துகொள்ளும் வரை. எனக்குச் சுற்றி வர நேரமில்லை. தண்ணீர் சுற்றி வரப் போகிறது.

"அக்கா, தாஸ்தெமிர் அண்ணன் செத்துட்டார்" என்றேன். "மார்ச்லயே செத்துட்டார். எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லாம வெச்சிருக்காங்க."

அவர் நின்றார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். என்னை யாரோ பெரிய மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

சேற்றில் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஒப்பாரி எடுத்தார். சாவு வீட்டில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவார்கள். இவருக்குச் சுவர் அந்தப் பனிமூட்டம். கணவர் பெயரைச் சொன்னார், அவர் படகின் பெயரைச் சொன்னார், அவர் குறட்டையைக்கூடச் சொன்னார். ஐந்து மாதமாக உள்ளே அடுக்கி வைத்திருந்த பாட்டு. எங்கும் தடுக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அக்காவுக்கு முன்னால் சேற்றில் காலடிகள். வெறுங்கால், பெரிய பாதம். பனிமூட்டத்திலிருந்து வந்து அவர் மடிக்கு நேர் எதிரே நின்றிருந்தன. நாங்கள் வந்தபோது இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.

காற்று நின்றது. பட்டென்று, கதவைச் சாத்தின மாதிரி. என் கணுக்காலில் தண்ணீர். வருகிற சத்தமே இல்லாமல் வந்திருந்தது.

அக்காவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். பாடிக்கொண்டே எழுந்தார், பாடிக்கொண்டே நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. மணலில் ஏறும்போது இருவருக்கும் மூச்சு இல்லை.

நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என்ன என்று எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலிருந்து குன்சுலு அக்கா வீட்டில் ஊரே அழுகிறது. பெண்கள் வாசலிலேயே குரலெடுத்துக்கொண்டு வந்து அவரைக் கட்டிக்கொள்கிறார்கள். கால் வலிப் பெரியவரும் வந்தார், நன்றாகவே நடந்தார்.

"எங்க வாயால சொல்ல வேண்டிய சேதிய ஒரு பொட்டப்புள்ள பறிச்சுட்டா" என்றார்.

"உங்க வாயிலதான் அஞ்சு மாசமா இருந்துச்சே பெரியவரே" என்றார் என் சைரன் மாமி. "புளிச்சுப் போயிருக்கும்."

சாப்பாட்டில் ஆட்டுத்தலை வந்ததும் மாமா காதை அறுத்து என் தட்டில் வைத்தார். பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான், சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று. கத்தியைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். நாக்கையும் அறுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அக்தா. அம்மா "ஏன்டி இவ்ளோ அமைதியா இருக்கே, என்னத்த உடைச்சே?" என்கிறாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாமா வீட்டுப் போனிலிருந்து குன்சுலு அக்கா கூப்பிட்டார். அண்ணனின் சட்டைகளை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டாராம். மீன் காயவைக்கிற கொட்டகையில் வேலைக்குப் போகிறாராம். பாறை மூக்கின் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாராம்.

"யாரும் இல்லடி" என்றார். "வெறும் தண்ணி."

பின்னால் மாமி யாரையோ அதட்டுவது கேட்டது.

"அன்னிக்கி நடுவுல ஒரு தடவ திரும்பிப் பாத்தியே. என்ன பாத்தே?"

"ஒண்ணுமில்லக்கா. தண்ணிதான்."

அவர் சிரித்தார். அந்த மனுஷி சிரித்து நான் கேட்டதே இல்லை. சின்னப் பெண் மாதிரிச் சிரிப்பு.

"நல்ல பொய்க்காரிடி நீ" என்றார்.