அரை நாள் வேலை

நான் கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும் என் சிவா அண்ணனுக்கு,

உன்னைக் கொன்றது நீ வேலை செய்த அந்த மரச்சாமான் தொழிற்சாலை. அவர்கள் அனுப்பிய கடிதம் வேறு மாதிரி சொல்கிறது. சொந்த டிரில், சொந்தப் பழுதுபார்ப்பு, சொந்தக் கவனக்குறைவு. அதன் கீழே அண்ணி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

உன் பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, அன்று உனக்கு ஏணி பிடித்தவர் நம் பிளாட் படிக்கட்டில் நின்று என்னிடம் பேசினார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் டிரில்லில் வேகக் கட்டுப்பாடு கெட்டுப்போயிருந்ததாம். விசையை லேசாகத் தொட்டாலே பாயும், சில நேரம் ஓடவே ஓடாது. புது சுவிட்ச் மாற்ற நீ அரை நாள் லீவு கேட்டாயாம். "இதுக்கெல்லாமா லீவு? டைரக்ட் குடு லா! சாமான் கப்பல் ஏறணும்" என்றாராம் சூப்பர்வைசர்.

டைரக்ட். உங்கள் வேலையிடங்களில் இது என்ன சாதாரணமான சொல்! சுவிட்சைக் கழித்துவிட்டு வயரோடு வயரை முறுக்கிவிடுவது. பிளக்கைச் செருகினால் முழு வேகத்தில் ஓடும், பிடுங்கினால்தான் நிற்கும். நீ ஏணியின் உச்சியில். பிளக் கீழே சுவரில். இரும்புச் சட்டத்தில் துளைக்கும் அலகு சிக்கியதும் டிரில் உன்னையே சுழற்றி எறிந்தது. விசையிலிருந்து விரலை எடுத்திருப்பாய். எடுத்து என்ன பயன்?

போன ஞாயிறு அந்த டிரில்லை அடுப்படி மேசையில் பிரித்தேன். முறுக்கியது நீதான், பார்த்ததும் தெரிந்தது. வயர் முறுக்கின் மேல் சுற்றிய டேப்பின் முனையை மடித்து விட்டிருந்தாய். திரும்பக் கழற்றப் போகிற கட்டுக்கு மட்டும்தான் நீ அப்படி மடிப்பாய். அப்படியென்றால் இது சரியில்லை என்று உனக்குத் தெரியும். ஏன் அண்ணே செய்தாய்? வீட்டில் எனக்கு ஆயிரம் "முடியாது" சொல்வாயே, அங்கே ஒன்று சொல்ல வாய் வரவில்லையா? எனக்கு உன் மேலும் கோபம்தான்.

ரோப் வாக் தெருவின் பழைய சாமான் கடைகளில் அலைந்து, செத்துப்போன ஒரு டிரில்லிலிருந்து அதே சுவிட்சைக் கழற்றி வாங்கினேன். உன் முறுக்கைப் பிரித்தேன். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து மாட்டினேன். மதியம் தொடங்கியது, வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

மறுநாள் நானும் அண்ணியும் ஃபெர்ரி ஏறிப் புக்கிட் தெங்காவில் இருக்கும் உன் தொழிற்சாலைக்குப் போனோம். சூப்பர்வைசர் கடிதத்தையும் பேனாவையும் அண்ணி பக்கம் தள்ளினார். நான் டிரில்லை அந்தக் கடிதத்தின் மேல் வைத்தேன்.

"யாரு ரிப்பேர் பண்ணது?"

"நான்தான்."

சிரித்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா?"

"நான் வேலை செய்யற பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு வந்து பாருங்க சார். உங்க வீட்டு ரேடியோவுக்குள்ள இருக்கிறத ஒட்டறதே பொம்பளைங்கதான்."

அண்ணி டிரில்லை எடுத்துப் பிளக்கைத் தானே செருகினார். விசையை லேசாக அழுத்தினார். அலகு மெல்லச் சுற்றியது. இன்னும் அழுத்தினார், வேகம் ஏறியது. விரலை எடுத்தார்.

"நின்னுடுச்சு" என்றார்.

அதற்கப்புறம் என்னால் பொறுக்க முடியவில்லை. "இது அரை நாள் வேலை சார். அந்த அரை நாளை எங்க அண்ணனுக்குக் குடுக்காதது யாருன்னு இதுல எழுதுங்க. அப்புறம் அண்ணி கையெழுத்துப் போடுவாங்க."

"டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் அவர்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். இன்னொரு கடிதம் வரும், மிரட்டல் வரும், நம் சொந்தக்காரர்களே "எதுக்கு வம்பு, விட்டுடு லா" என்பார்கள். விட மாட்டேன். உன் பெயருக்குப் பக்கத்தில் "கவனக்குறைவு" என்ற சொல்லை நிற்க விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்த சூப்பர்வைசர் தமிழ் படிப்பவர்தான், இதையும் படிப்பார். அதனால் எல்லாரும் பார்க்க மறுபடியும் கேட்கிறேன்: டைரக்ட் கொடுக்கச் சொன்னது யார்? பெயரை எழுதுங்கள்.

உன் கூடப் பிறந்தவள்,
வசந்தி