இடுப்பில் ரெட்டைத் தையல்

என்னங்க, நான் தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். உங்க முட்டையும் வெண்ணெயும் மேசை மேல மூடி வெச்சிருக்கேன்.

எடை குறையணும்னு சோறு, ரொட்டியெல்லாம் விட்டீங்க. வெறும் கொழுப்பா சாப்பிட்டு எடை இன்னும் ஏறிடுச்சு. உங்க மனசு நோகக் கூடாதுன்னு, துவைச்சு மடிக்கிற சாக்குல பேன்ட் இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விட்டது நான்தான். நேத்து என் தம்பி முன்னாடியே, "உங்க அக்காதான் என் சாப்பாட்டுல திருட்டுத்தனமா சர்க்கரை கலக்குறா, அதான் எடை ஏறுது"ன்னு வாய் கூசாம சொன்னீங்க.

அதான், எல்லாப் பேன்ட்டையும் பழைய அளவுக்கே பிடிச்சு ரெட்டைத் தையல் போட்டுட்டேன். இன்னைக்கு முதலாளியைப் பார்க்கணுமில்ல? மூச்சைப் பிடிச்சுக்கிட்டே பேசுங்க.

தம்பிக்கு போன் பண்ணி, சொன்னது அபாண்டம்னு ஒத்துக்கோங்க. அப்புறம் பிரிச்சுத் தர்றேன்.

கத்தரிக்கோலைத் தேடாதீங்க, என் கைப்பையில இருக்கு.